மர்ஷூதாவின் மூன்று மில்லிமீட்டர் வாய்க்கால்

மர்ஷூதா என்ன வேலை பார்க்கிறாள் என்பது புத்தளத்துக்குப் பக்கத்துப் பாலாவியில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் ஒருவரும் தயாரில்லை. போன் திருத்துகிறாள் என்று ஒரு கட்சி. கவுண்மெண்டுக்கு ஏதோ ரகசிய வேலை என்று இன்னொரு கட்சி. அடுத்த வீட்டு கமறியா மாமி எந்தக் கட்சியிலும் சேராமல், பழுதான ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு நேரே வந்துவிடுவார். "மகள், நீங்க இஞ்சினியர்தானே, இத ஒருக்காப் பாருங்களேன்." மர்ஷூதாவும் பார்ப்பாள். பெரும்பாலும் வயர் கழன்றிருக்கும். முடுக்கிக் கொடுத்தால் மாமிக்கு மனம் குளிர்ந்துவிடும். "மாஷா அல்லாஹ், இதுக்குத்தான் புள்ளைகளப் படிப்பிக்கணும் எண்டுற." நாலு வருடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மண்டையை உடைத்துப் படித்ததற்கு ஊர் கொடுத்த பட்டம் அதுதான்.

உண்மையான வேலை வேறு. கோபுரத்துக்குக் கோபுரம் கம்பியே இல்லாமல் இணையத்தை அனுப்புகிற பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, உயரத்தில் வெள்ளைச் சட்டி மாதிரி தொங்குமே, அவற்றுக்குள் நடக்கிற சங்கதி. அங்கே பிறக்கிற அலைக்கு நீளம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அது ஒரு பலகையில் மெல்லிய செம்புக் கோட்டின் வழியே ஓடிவந்து, பித்தளைக் கட்டிக்குள் குடைந்த ஒரு வெற்றுப் பாதைக்குள் இறங்கவேண்டும். அந்தப் பாதைக்கு வேவ்கைட் என்று பெயர். அகலம் மூன்று மில்லிமீட்டர், உயரம் ஒன்றரை. பலகையை விட்டு அலை பாதைக்குள் இறங்குகிற இடம் இருக்கிறதே, அதுதான் வில்லங்கம் பிடித்த இடம். அளவு ஒரு இழை பிசகினால் போதும், அலை வந்த வழியே திரும்பிவிடும். இல்லையென்றால் அங்கேயே சூடாகிச் செத்துப்போகும். மர்ஷூதா வடிவமைப்பது அந்த இடத்தைத்தான். அந்த ஓர் இடத்தை மட்டும்தான், ஏழு வருடமாக.

இதைப் புருஷன் ஸப்வானுக்கு விளக்கவேண்டி வந்தபோது அவள் சுற்றி வளைக்கவில்லை. ஸப்வான் கடல்நீர் ஏறிநிற்கிற களப்பின் ஓரத்து உப்பளம் ஒன்றில் மேற்பார்வையாளன்.

"களப்புத் தண்ணி வாய்க்கால்ல வந்து பாத்திக்குள்ள எறங்குற எடத்துல மட கோணலா இருந்தா என்ன நடக்கும்?"

"சுழிக்கும். கரைய அரிக்கும். பாதித் தண்ணி உள்ள வராது."

"அந்த மடையத்தான் நான் சரிசெய்ற."

"இவ்வளவுதானா?" என்றான் ஸப்வான். "நம்மட வேலதானே அது. இதுக்கு எதுக்கு மூணு கம்பியூட்டர்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் மறுநாளே உப்பளத்தில் நாலு பேரைப் பிடித்துவைத்து, என்ட பெண்சாதி என்ன வேலை செய்கிறாள் தெரியுமா என்று மடையையும் வாய்க்காலையும் காட்டி ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தானாம். கேட்டவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. அவனுடைய பெருமை மட்டும் நன்றாக விளங்கியது.

ஸப்வானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். நல்ல மனுஷன். ஆனால் உலோகம் என்று ஒன்றைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில், பாத்திகளுக்கு நடுவே வளர்ந்தவன். இரும்பு ஒரு கிழமையில் துருப்பிடிப்பதையும் பித்தளை ஒரு மாதத்தில் களிம்பேறுவதையும் பார்த்துப் பார்த்து நொந்தவன். மாதம் ஒருமுறை கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சுவான். மகள் பஸீனாவின் தலைக்கும் அதுதான், வாசல் கேற் கொளுக்கிக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான். கமறியா மாமியின் மூக்குக்கண்ணாடி மடிப்புக்குக்கூட ஒருநாள் ஒரு சொட்டு விட்டு, மாமி இரண்டு நாள் உலகத்தையே மங்கலாகப் பார்த்துத் திரிந்தார்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

மர்ஷூதா வேலைசெய்வது கொழும்பில் உள்ள ஒரு கொம்பனிக்கு. அதுவரை கிழமை நாட்களில் அங்கே தங்கி, விடுமுறைக்கு வீட்டுக்கு ஓடிவருவாள். கொரோனா வந்த வருடம், இரண்டு கிழமைக்கு என்று சொல்லி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள் நாலு வருடமாகத் திரும்பிப் போகவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதால் யாரும் கேட்கவுமில்லை. இந்த வருடம் கேட்டார்கள். எல்லாரும் ஒஃபிசுக்குத் திரும்பவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவளுடைய மேலதிகாரி உதேனி மிஸ், மாதம்பைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி, கறாரானவர், ஆனால் நியாயம் தெரிந்தவர். ஸ்பீக்கரில் போட்ட போனில் அவர் சிங்களத்தில் சொன்னது இதுதான்: "புதுப் பித்தளைத் துண்டை உங்கள் பக்கத்திலேயே வெட்டி எடுக்கலாம் என்றாயே, ஆறு மாதம் தருகிறேன், வெட்டிக் கொண்டு வா. அலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், நீ புத்தளத்திலேயே இரு, மேலே நான் பேசிக்கொள்கிறேன். தொண்ணூறுக்குக் குறைந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து வருகிற முதலாம் திகதியிலிருந்து கொழும்பு. கிழமைக்கு ஆறு நாள்."

 கொழும்பு மர்ஷூதாவுக்குப் பிடிக்காத ஊரல்ல. இடம் மாறுவதுதான் பிடிக்காது. வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டில் உம்மாவும் வாப்பாவும் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். அடுத்த வருடம் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இவள் பிறந்தாள். பத்து வயது முடிவதற்குள் ஏழு இடம். ஏழாவது இடத்துக்கு ட்றங்குப் பெட்டியைத் தூக்கும்போது அதன் அடித்தகடு கழன்று எல்லாம் ரோட்டில் கொட்டியது. சின்னப் பிள்ளை அன்றைக்கே சொல்லிவிட்டாளாம், இனி நான் எங்கேயும் வரமாட்டேன் என்று. கலியாணம் பேசும்போதும் அவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். அதுக்கென்ன, உப்பளம் எங்கேயும் போகாதே என்று ஸப்வான் சிரித்தான்.

உதேனி மிஸ் கேட்ட தொண்ணூறு பங்கு விஷயத்தை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் சோறு தின்னமாட்டான். கொழும்பில் இரண்டு நாள் நின்றாலே தலையிடி என்று படுக்கிற ஆள். முடிவு தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆறு மாதம் பாடுபட்டாள். கணினி ஒரு கணக்கைச் செய்து முடிக்க ஐந்து மணித்தியாலம் எடுக்கும். அதற்குள் கரண்ட் போகாமல் இருக்கவேண்டும். வீட்டில் இருந்த ஒரே நல்ல ஃபேன் அவளுக்கு அல்ல, கணினிக்கு. செம்புக் கோட்டின் நுனி பாதைக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கவேண்டும், அதற்குப் பின்னால் இருக்கிற அடைப்புச் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். அலை அந்தச் சுவரில் மோதித் திரும்பி வந்து, நுனியிலிருந்து புதிதாக வருகிற அலையோடு ஒத்துச் சேரவேண்டும். ஒத்துச் சேர்ந்தால் ஒன்றையொன்று முன்னே தள்ளிவிடும். ஒத்துவராவிட்டால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். கடைசியில் கணினித் திரையில் தொண்ணூற்றிரண்டு வந்த அன்று, அவள் எழும்பி அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினாள். கதவு திறந்திருந்ததை மறந்துவிட்டாள். கையில் ரைஸ் குக்கரோடு வாசலில் நின்ற கமறியா மாமி, பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓதி ஊதிவிட்டுப் போனார்.

திரையில் வருவது லேசு. பித்தளையில் வரவேண்டுமே! அதற்குச் சிலாபத்தில் ஜெனோசன் இருந்தான். வன்னியிலிருந்து சண்டைக்காலத்தில் வந்து அங்கேயே ஊன்றிப்போன குடும்பம். தேங்காயெண்ணெய் ஆலைகளுக்கு உதிரிப்பாகம் வெட்டிக் கொடுக்கிற பட்டறை. எங்கோ ஜப்பானில் கழித்துவிட்ட கணினி வெட்டு மெஷின் ஒன்றை வாங்கி, அதை உயிர்ப்பித்து வைத்திருந்தான். மர்ஷூதா கொண்டுபோன படத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு.

"அக்கா, இது எறும்புக்கு வீடு கட்டச் சொல்லுறீங்களோ?"

"ஒரு மில்லிமீட்டர்ல நூறில ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது ஜெனோசன்."

"பிசகினால்?"

"நான் கொழும்புக்குப் போகவேணும்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். முதல் மூன்று துண்டும் பிழையாகப் போயின. பகல் வெயிலில் பித்தளை கொஞ்சம் பெருக்கிறது என்பதை மூன்றாவது துண்டில்தான் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அவன் இந்த வேலையைக் காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் மட்டும் செய்தான். ஆலைக்காரர்கள் வந்து சத்தம் போட்டாலும், அக்காவின்ர எறும்பு வீடு முடியட்டும் என்று காத்திருக்க வைத்தான். நாலாவது துண்டு இரண்டு பாதியாக வந்தது. நடுவில் பாதை, நாலு மூலையிலும் பொருத்தும் ஊசிகள். இரண்டையும் சேர்த்தால் 'க்ளிக்' என்ற சத்தம்கூட இல்லாமல் ஒன்றாகிவிடும். மர்ஷூதா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "ஜெனோசன், உங்களுக்கு என்ன குடுத்தாலும் தகும்" என்றாள். முதலில் அளந்து பாருங்கோ அக்கா என்றான் அவன்.

வீட்டில் பலகையை உள்ளே வைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, திருகாணிகளை முடுக்கி, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பஞ்சுமெத்தையில் படுக்கவைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஸப்வான் பஸீனாவுக்குப் பாணும் சம்பலும் கொடுத்து, பெட்டியையும் தானே பையில் வைத்திருந்தான். பிறகு மோட்டார் சைக்கிளில் அவளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"பயப்படாத. இன்ஷா அல்லாஹ் நல்லதே நடக்கும்."

"துஆச் செய்யுங்க."

"செய்றதெல்லாம் செஞ்சிரிக்கி," என்றான் ஸப்வான்.

கொழும்பில் அளவெடுக்கிற அறைக்குள் நுழைந்தபோது மர்ஷூதாவுக்குப் பல் கிட்டியது. அளவுக்கருவிக்குச் சூடு ஆகாது என்பதால் ஏசியை எப்போதும் இருபதில்தான் வைத்திருப்பார்கள். உதேனி மிஸ் ஏற்கனவே கருவியைச் சரிபார்த்து வைத்திருந்தார். துண்டை அதன் வாயில் பூட்டினார்கள். இந்தப் பக்கத்தால் அலையை அனுப்பி அந்தப் பக்கத்தால் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. இரண்டு நிமிடம்கூடப் பிடிக்காது.

அறுபத்தெட்டு.

மர்ஷூதா திரையைப் பார்த்தாள். திரும்பவும் பூட்டினார்கள். திரும்பவும் அறுபத்தெட்டு. பிறகு அறுபத்தேழு. பார்க்கப் பார்க்கக் குறைந்தது.  உதேனி மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உன் கணக்கில் பிழை இருக்காது, எனக்குத் தெரியும். வெட்டினதில்தான் பிழை. இந்த வேலைக்கு வெளிநாட்டுப் பட்டறைதான் சரிவரும் என்று அப்போதே சொன்னேன்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "கொழும்பு அவ்வளவு மோசமில்லை, மர்ஷூதா," என்றார்.

ஏழு இடமும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. எட்டாவதும் வரிசையில் சேர்ந்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தொலைபேசியை எடுத்து ஜெனோசனை அழைத்தாள். சலாமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

"அறுபத்தெட்டு! என்னத்த வெட்டித் தந்தீங்க? அளந்தீங்களா இல்லையா?"

"அக்கா, மூண்டு தரம் அளந்தனான்."

"மூண்டு தரம் அளந்தா இப்பிடி வருமா? எனக்கு எல்லாம் போச்சு!"

 ஜெனோசன் மெதுவாக, ஆனால் அழுத்தமாகச் சொன்னான். "அளவில பிழை இல்லை அக்கா. நான் வெட்டினது எனக்குத் தெரியும். திறந்து பாருங்கோ."

திறப்பதா? பூட்டிய துண்டைத் திறந்தால் இரண்டு பாதியும் பழையபடி அதே இடத்தில் உட்காரும் என்று யார் கண்டது? உட்காராவிட்டால் அறுபத்தெட்டும் போய்விடும். அவள் உதேனி மிஸ்ஸைப் பார்த்தாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கு இந்த அறை வேறு ஆட்களுக்கு. அதற்குள் என்ன செய்வாயோ செய்." போனை அணைக்காமலேயே மேசையில் வைத்துவிட்டு, மர்ஷூதா நாலு திருகாணியையும் கழற்றினாள்.

பாதைக்குள்ளே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. செம்பு நுனியைச் சுற்றி, பின்சுவரின் மூலைகளில், மெழுகு உருக்கி ஊற்றியமாதிரி கெட்டியாக.  எண்ணெய் ஆலைக்கு வேலைசெய்கிற பட்டறை! வேறு எங்கிருந்து வரும்?

"ஜெனோசன்! உள்ளுக்க முழுக்க எண்ணெ! உங்கட ஆல எண்ணெய என்ட வேவ்கைட்டுக்குள்ள ஊத்தித் தந்திரிக்கீங்க!"

"என்ன எண்ணெய் அக்கா? மாதாவாணை, நான் ஸ்பிரிட்டில கழுவித்தான் தந்தனான்! நீங்களும் பார்த்தனீங்கள்தானே!"

உண்மைதான். அவளும்தான் வீட்டில் துடைத்தாள். மர்ஷூதா துண்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

கறிவேப்பிலை. வெந்தயம்.

"மே பொல்தெல் நேத?" என்றார் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த உதேனி மிஸ். தேங்காயெண்ணெய்தானே இது என்று கேட்கிறார். தென்னந்தோப்புகளின் ஊரான மாதம்பையில் பிறந்தவருக்குத் தேங்காயெண்ணெயை யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. "தலைக்கு வைக்கிற எண்ணெய்! நல்ல வாசனையாக வேறு காய்ச்சியிருக்கிறார்களே!"

மர்ஷூதாவுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தான் குளித்துக்கொண்டிருந்த நேரம். அந்த மனுஷன் பெட்டியைத் திறந்திருக்கிறான். பளபளவென்று பித்தளை, அதில் எண்ணெய் இல்லை. ஐயோ, களப்புக்காற்று பட்டால் களிம்பேறிவிடுமே என்று பதறியிருக்கிறான். வெளியே மட்டும் பூசியிருந்தால் ஒன்றுமில்லை. ஸப்வான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனா? பஸீனாவின் காதுக்கு வைத்திருக்கிற பஞ்சை ஈர்க்கு நுனியில் மெல்லிசாகச் சுற்றி எண்ணெயில் தோய்த்து, அந்த மூன்று மில்லிமீட்டர் வாய்க்குள் விட்டுச் சுற்றிச் சுற்றிப் பூசியிருக்கிறான். பாலாவிச் சூட்டில் அது தெளிந்த தண்ணீர் மாதிரி. கண்ணுக்கே தெரியாது. இங்கே ஏசிக் குளிரில் உறைந்து வெள்ளையாகிவிட்டது. எண்ணெய்க்குள் அலையின் நடை தளரும். பின்சுவரில் மோதி வருகிற அலை பிந்தி வரும். ஆறு மாதக் கணக்கையும் ஒரு பஞ்சு நுனி கவிழ்த்துவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள்.

"அக்கா?" மேசையிலிருந்த போன் கலங்கியது. "அக்கா, அழாதேங்கோ. நான் இப்பவே வெளிக்கிட்டு வாறன்."

"அழல்ல ஜெனோசன், அழல்ல! உங்கள்ட பிழ இல்ல. எங்கட வீட்டுப் பிழ!"

"கருவியின் வாயில்! என் கருவியின் வாயிலும் பட்டிருக்கும்!" என்று உதேனி மிஸ் ஒரு பாய்ச்சலில் ஸ்பிரிட் போத்தலை எடுத்தார். ஒருவர் கருவியைத் துடைக்க, ஒருவர் துண்டைக் கழுவ, அறை முழுக்கக் கறிவேப்பிலை மணம். கழுவி, காற்றூதி உலர்த்தி, மறுபடியும் கழுவினாள். உள்ளே வெள்ளைப் பூவும் இல்லை, மணமும் இல்லை என்று ஆன பிறகு பலகையை வைத்து, இரண்டு பாதியையும் கையில் எடுத்தாள். இப்போது சிரிப்பு இல்லை. இனித்தான் ஜெனோசனின் ஊசிகளுக்குச் சோதனை. பழைய இடத்தில் உட்காருமா?

உட்கார்ந்தது. சத்தமே இல்லாமல்.

திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினாள். கருவியின் வாயில் பூட்டினார்கள். மணி பன்னிரண்டுக்குப் பத்து இருந்தது. உதேனி மிஸ் விசையை அழுத்தினார். திரையில் கோடு கீழே ஆடியது, மேலே வந்தது, நின்றது.

தொண்ணூற்றொன்று.

"மறுபடி அளந்து பாருங்க மிஸ்," என்றாள் மர்ஷூதா. 

தொண்ணூற்றொன்று. மூன்றாம் முறையும் அதே.

உதேனி மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு கறாரான முகத்தோடு, "சிலாபத்துப் பையனுக்குச் சொல், அடுத்த பன்னிரண்டு துண்டும் அவனுக்குத்தான். வெட்டி முடித்ததும் தங்கமுலாம் போடவேண்டும், உங்கள் ஊர் உப்புக்கு வேறு வழியில்லை," என்றார். "நீ புத்தளத்திலேயே இரு. அங்கே ஆட்கள் உன்னை நன்றாகத்தான் கவனிக்கிறார்கள்!" அதற்குமேல் அவராலும் முடியவில்லை. கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தார். மர்ஷூதா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தாள். ஏழு வருடத்தில் அது முதல் தடவை.

ஜெனோசனிடம் மன்னிப்புக் கேட்டபோது அவன் லேசில் விடவில்லை. "இரண்டு தரம் ஏசினீங்கள் அக்கா. ரெண்டு புரியாணிப் பார்சல் வேணும்," என்றான். மூன்றாகத் தருகிறேன் என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், ஸப்வானை என்ன செய்வது என்பதுதான் அவளுடைய யோசனை. நீர்கொழும்பு வரை மனதுக்குள் ஒரு மாதிரி ஏசிப் பார்த்தாள். சிலாபம் தாண்டியதும் இன்னும் காரமாக ஒன்று தயாராகியது. முந்தல் வரும்போது அவனைப்போலவே நடித்துக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். பக்கத்து ஸீட் பெண் இவளைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

புத்தளத்தில் இறங்கும்போது மணி ஐந்துக்குக் கிட்ட. ஸப்வான் மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறான், காற்சட்டையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அவன் கேட்டுவிட்டான்.

"பாஸா?"

"பாஸ். தொண்ணூத்தொண்டு."

"அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்!" அவன் முகம் முழுக்கச் சிரிப்பாகியது. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்ப சரி. நீ ஒண்டுக்கும் யோசிக்காத. நான் எல்லாம் பாத்துவெச்சிட்டன். நேத்து உப்பளத்துல சின்னத்துரை ஐயாட்ட லெட்டர் குடுத்திட்டன், இந்த மாசத்தோட வேலய உட்டு நிக்கிற எண்டு. கொழும்புல, தெமட்டகொடைல மச்சான்ட கடையில ஒரு வேல இரிக்கி. பஸீனாக்கும் ஸ்கூல் ஒண்டு கேட்டிரிக்கன்."

மர்ஷூதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன லெட்டர்? எந்தக் கடை?"

"அண்டைக்கு உங்கட மிஸ் போன்ல கடசியாச் சொன்னது எனக்கும் கேட்டது. முதலாந் திகதி கொழும்பு எண்டு. நான் கவலப்படுவன் எண்டுதான் நீ சொல்லாம வெச்சிரிக்கா எண்டும் வெளங்கினது. இந்த ஊர்ல கெட்டிக்காரங்க எல்லாரும் கடசியில கொழும்புக்குத்தானே போன? நீயும் பாஸாகினாப் போகத்தானே வேணும். என்னால நீ நிண்டுரக் கூடா."

அவன் கேட்டது பாதிக் கதை. மீதிப் பாதியை இவள் சொல்லவில்லை. பஸ்ஸில் கட்டிவந்த ஏச்சில் ஒன்றையும் மர்ஷூதா எடுக்கவில்லை. அவனைப் பார்த்தாள். இந்த மனுஷன் உப்பளத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவன்.

"அப்ப, நான் பாஸாகினா நீங்க உப்பளத்த உட்டுட்டு வரணும் எண்டு தெரிஞ்சிக்கிட்டேதான் காலையில பெட்டியத் தொறந்து எண்ணெ பூசின?"

"ஓம். பின்ன?" என்றான் ஸப்வான். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. "ஆறு மாசமா நீ பட்ட பாடு. நீ பாஸாகாம வந்து நிண்டா, எனக்கு என்ன உப்பளம்?"

அந்த எண்ணெய் செய்த நாசத்தின் கதை நாக்கு நுனிவரை வந்தது. அவள் விழுங்கிவிட்டாள். அதை இன்னொரு நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்குச் சொல்லவேண்டியது வேறு.

"இஞ்சப் பாருங்க. பாஸாகினா போறல்ல. பாஸாகினாத்தான் இங்க இரிக்கலாம். தோத்திருந்தாத்தான் கொழும்பு."

"என்ன?"

"நாம எங்கயும் போகல்ல. இங்கதான். பாலாவியிலதான். மிஸ் சொல்லிட்டாங்க."

இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் அவனுக்குள் இறங்கியது. நின்ற இடத்திலேயே நின்றான். கண் கலங்கியது, மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். பிறகு திடீரென்று, "யா அல்லாஹ், லெட்டர்!" என்று போனைத் தேடி எல்லாப் பொக்கெற்றையும் தட்டினான். அவசரத்தில் இலக்கம் பிடிபடவில்லை. மர்ஷூதாவே போனை வாங்கி, சின்னத்துரை ஐயாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு அவன் வாயருகே பிடித்தாள். உப்பள மெனேஜர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக உப்போடு கிடக்கிற மனிதர்.

"ஐயா, நான் ஸப்வான். நேத்துக் குடுத்த அந்த லெட்டர்…"

"அதை நான் நேற்றே கிழிச்சுக் கடலை சுத்திச் சாப்பிட்டிட்டன்," என்றது சின்னத்துரை ஐயாவின் குரல். "எழுதியிருந்த எழுத்தைப் பார்க்கவே தெரிஞ்சுது, உமக்குப் போக மனமில்லையெண்டு. நாளைக்கு ஆறு மணிக்கு மூண்டாம் பாத்திக்குத் தண்ணி விடவேணும். வாறீரோ, இல்லையோ?"

"வாறன் ஐயா! வாறன், வாறன்!" ஸப்வான் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.